கோலடிச்சவன் எல்லாம் கோச்சு ஆயிருவானா, மக்ளே?

விசில் வாங்கிட்டியாமே! கழுத்துல கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு நேத்து சாயங்காலம் கடப்புறத்துல நின்னியாம். பொடிப்பயலுவ பந்தை விட்டுட்டு உன்னையே பாத்துக்கிட்டு நின்னானுவளாம். கொள்ளாம். அடுத்தது கோச்சிங் லைசென்ஸ் கோர்சுக்குப் போறேன்னு அப்பன்கிட்ட பணம் கேட்டிருக்கே. அவன் என்கிட்ட வந்து, "சித்தப்பா, நீங்க ஒரு வார்த்தை அவன்கிட்ட பேசுங்க"ன்னு கண்ணைக் கசக்குதான். நான் என்னத்தைப் பேச? கோலடிச்ச கால் ஆச்சே, ஊருல ஆருக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை அதுக்கு உண்டா?

கோலடிக்கத் தெரிஞ்சவனுக்கு கோச்சு வேலை பெரிய காரியமான்னு வேற கேட்டியாம். நல்ல கேள்வி. அதுக்கு நான் பதில் சொல்லப்போறதில்லை. பிரையன் கிளஃப்னு ஒரு வெள்ளைக்காரன் இருந்தான், அவன் சங்கதியைச் சொல்லுதேன். நான் கப்பல் வேலையில இருந்த காலத்துல சனிக்கிழமை ராத்திரி ஆனா ரேடியோவைக் காதோட ஒட்டி வச்சுக்கிட்டு இங்கிலீசுக்காரனுவளுக்க ஸ்கோர் கேப்பேன். அப்படி எனக்குப் பழக்கமானவன். வாயைத் திறந்தா அப்படியே நீதான். அதனாலதான் உனக்கு அவனைச் சொல்லணும்னு தோணிச்சு.

1935-ல மிடில்ஸ்பரோங்கற ஊருல பொறந்தான். அன்னைக்கு இரும்பு உருக்கின ஊரு. அப்பனுக்கு மிட்டாய் ஃபேக்டரியில வேலை. அங்க அந்தக் காலத்துல பதினோரு வயசுல பிள்ளையளுக்கு ஒரு பரீட்சை வைப்பானுவ, அதுல தேறினாத்தான் நல்ல பள்ளிக்கூடம். இவன் தேறல்லை. இதுவரைக்கும் உனக்கும் அவனுக்கும் பொருத்தம் பிசகாம வருது, இல்லியா? சிரிக்காதே, இனிமேத்தான் பொருத்தம் பிசகும்.

சொந்த ஊரு டீமுக்கே ஆடினான். ரெண்டாம் டிவிஷன். 1956-57 சீசன்ல இருந்து எண்ணிக்கோ: லீக்ல மட்டும் 38 கோல், அடுத்த வருசம் 40, பொறவு 43, 39, 34. மிடில்ஸ்பரோவுக்கு மொத்தம் 213 லீக் ஆட்டம், 197 கோல். பொறவு சண்டர்லாண்டுக்குப் போய் 61 ஆட்டத்துல 54. ஆக 274 ஆட்டத்துல 251 கோல். உனக்க கணக்கு என்ன? போன சீசன்ல எத்தனை? வேண்டாம், விடு. பெரியவன் கேட்டுட்டானேன்னு பொய் சொல்லாதே.

இப்ப நான் கேக்குதேன், நீ சொல்லு. வருசத்துக்கு நாப்பது கோல் போடுறவன் ஒருத்தன் இருக்கான். அந்த டீம் மேல் டிவிஷனுக்கு ஏறியிருக்கணுமா, வேண்டாமா? ஏறல்லை. அவன் இருந்த அத்தனை வருசமும் ஒரு தடவை கூட ஏறல்லை. ஏன்னா இவன் அந்தப் பக்கம் அடிக்க அடிக்க, இந்தப் பக்கம் வாங்கிக்கிட்டே இருந்தானுவ. 1960 அக்டோபர்ல சார்ல்டன் டீமுக்க ஊருல போய் ஒரு ஆட்டம். நம்மாளு மூணு போட்டான். டீம் ஆறு போட்டுது. முடிவு என்ன? ஆறுக்கு ஆறு! ஆறு கோல் அடிச்சும் ஜெயிக்க முடியல்லன்னா அந்த ஸ்ட்ரைக்கருக்கு வெப்ராளம் எப்படி வந்திருக்கும்னு யோசி.

அவன் சும்மா இருக்கல்லை. பின்னால ஆடுறவன் ஆரோ காசு வாங்கிட்டு வேணும்னே கோல் விடுதான்னு வாய்விட்டே சொன்னான். முன்னாலயே, கேப்டனா இருந்தப்ப, டீம்ல உள்ள பயலுவ ஒன்பது பேரு சேர்ந்து, இவன் எங்களுக்குக் கேப்டனா வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தானுவ. ஒன்பது பேரு! ஆடுறதே பதினொண்ணு பேரு, பாத்துக்கோ. நீ அந்த அளவுக்குப் போகல்லை. போன மாசம் ஃபைனல் தோத்த அன்னைக்கு நம்ம கீப்பர் பயலை கிரவுண்டுல வச்சே நாலு பேரு முன்னால, "சவம், கையில வெண்ணெயா தடவியிருக்கே?"ன்னு கேட்டியே, அதோட நிறுத்திக்கிட்டே. அந்த மட்டுக்கு நீ தேவலை.

அந்த மிடில்ஸ்பரோ டீம்லயும் ஒரு கீப்பர் இருந்தான். பீட்டர் டெய்லர்னு பேரு. பெரிய கீப்பர் எல்லாம் கிடையாது, பாதி நாள் ரிசர்வ் டீம்லதான் நிப்பான். ஆனா அந்தப் பயலுக்கு ஒரு கண்ணு இருந்துது. கிளஃப் புதுசா வந்து நாலாவதோ அஞ்சாவதோ ஸ்ட்ரைக்கரா ஒரு மூலையில கிடந்தப்ப, இவன் பெரிய ஆளா வருவான்னு முதல்ல சொன்னவன் டெய்லர்தான். தன்னைப் புகழ்ந்தவனை ஆருக்குத்தான் பிடிக்காது? ரெண்டு பேரும் கூட்டாளி ஆயிட்டானுவ. சாயங்காலம் முழுக்க உப்பு டப்பா, மிளகு டப்பாவை மேசையில நகத்தி வச்சுப் பந்தைப் பத்தியே பேச்சு. இந்த டெய்லரை மறந்துராதே. கதையில நடுநடுவே வருவான்.

இங்கிலாந்து டீமுக்கும் கூப்பிட்டானுவ, 1959-ல. ரெண்டே ஆட்டம், கோல் இல்லை. பொறவு கூப்பிடவே இல்லை. அதை அவன் சாகுற வரைக்கும் பொறுத்துக்கிடல்லை.

இனிமே உனக்க முட்டுக்கு வாறேன். மழைக்காலம் வந்தா வலிக்குதுன்னு எண்ணெய் தடவிக்கிட்டுத் திரியிதியே, அந்த முட்டு. 1962 டிசம்பர் 26, கிறிஸ்மஸ் மறுநாள். சண்டர்லாண்டுல ரோக்கர் பார்க் கிரவுண்டு. தரை குளிர்ல உறைஞ்சு கிடக்கு. அந்த சீசன்ல அதுவரைக்கும் 24 லீக் ஆட்டம், 24 கோல். பரி டீமோட ஆட்டம். ஒரு பந்துக்கு ஓடுதான், எதிர்ல கீப்பர் பாஞ்சு வாறான். மோதினதுல வலது முட்டுல உள்ள தசைநார் எல்லாம் அறுந்துபோச்சு. எந்திரிக்கப் பாத்து விழுந்து, தவழ்ந்தே போகப் பாத்தானாம். பரி டீம்ல இருந்த பாப் ஸ்டோக்கோ, "நடிக்கான், ரெஃபரி"ன்னு சொன்னான்னு கிளஃப் கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தான். அதுக்கு மன்னிப்பே கிடையாதுன்னுட்டான்.

ஒண்ணரை வருசத்துக்கும் மேல படுத்துக்கிடந்து, ஓடிப்பாத்து, 1964-ல திரும்பி வந்தான். அதுக்குள்ள சண்டர்லாண்டு முதல் டிவிஷனுக்கு ஏறியாச்சு. மூணே ஆட்டம், லீட்ஸ் டீமுக்கு எதிரா ஒரு கோல். முட்டு தாங்கல்லை. 29 வயசுல முடிஞ்சுது. முதல் டிவிஷன்ல அவன் வாழ்க்கை மொத்தமும் அந்த மூணு ஆட்டமும் ஒரு கோலும்தான். மிச்சம் 250-ம் ரெண்டாம் டிவிஷன் கோல். அதையும் சொல்லிக் காட்டுறதுக்கு ஆளு இருந்தானுவ. எங்க போனாலும் உண்டுமில்லியா.

பனையேறி ஒருத்தன் கால் முறிஞ்சு கீழே நின்னா என்ன செய்வான் தெரியுமா? கள்ளுக் கலயத்தைப் பாக்க மாட்டான். ஏறுறவன் கால் வைக்கிற இடத்தைப் பாப்பான். கிளஃப் அப்படி ஆனான். சண்டர்லாண்டுல பொடிப்பயலுவளைப் பழக்கச் சொல்லி ஒரு வேலை குடுத்தானுவ. அதுவரைக்கும் கோல் போஸ்ட்டை மட்டும் பாத்துக்கிட்டிருந்தவன், முதல் தடவையா திரும்பிப் பின்னால பாத்தான்.

1965 அக்டோபர்ல ஹார்ட்டில்பூல்ஸ் யுனைடெட்னு ஒரு கிளப், நாலாம் டிவிஷன். நாலாம் டிவிஷன்னா அதுக்குக் கீழ லீக்ல படியே கிடையாது. அங்க மேனேஜர் வேலை. வயசு 30, லீக்லயே சின்னவன். போனதும் முதல் காரியமா டெய்லருக்கு போனைப் போட்டான். கையில காசு இல்லாத கிளப். சம்பளம் வாங்காம வேலை பாத்தான். ராத்திரியானா தொழிலாளிகள் குடிக்கிற கிளப்பு கிளப்பாப் போய்ப் பேசி காசு பிரிச்சான். அந்தக் காலத்துல அவன் ஒரு லைசென்ஸும் எடுத்தான், கேட்டியா. நீ இப்ப பணம் கேட்டு அழுறியே, அந்த லைசென்ஸ் இல்லை. பஸ் ஓட்டுற லைசென்ஸ். டீமுக்கு டிரைவர் வைக்க காசில்லன்னா, தானே ஓட்டிக்கிட்டுப் போகலாம்லா?

நீயும் போ. உங்கப்பன்கிட்ட டெம்போ இருக்கு. பயலுவளை நாகர்கோயிலுக்கு மேட்சுக்கு ஓட்டிக்கிட்டுப் போ. அந்த லைசென்ஸுக்கு நானே பணம் தாறேன்.

கிளப் முதலாளிக்கும் அவனுக்கும் ஒத்துவரல்லை. போன்னு சொன்னான். நம்மாளு போகமாட்டேன்னு நாக்காலியில உக்காந்துக்கிட்டான். கடைசியில முதலாளிதான் போனான். அங்க ஒரு பதினாறு வயசுப் பயலைக் கண்டுபிடிச்சானுவ, ஜான் மெக்கவர்ன். ஓடுறதைப் பாத்தா கோணலா இருக்கும். ஸ்காட்லாண்டு டீமுக்கு ஒருநாளும் அவனைக் கூப்பிட்டதில்லை. ஆனா கிளஃப் பொறவு போன ஊருக்கெல்லாம் முக்காவாசி இவனைக் கூட்டிக்கிட்டுப் போனான். பந்தை வாங்கி, சொந்த சட்டைக்காரனுக்குக் குடுக்கத் தெரியும், அது போதும்னான். அந்தக் கோணக்கால் பயல்தான் பொறவு ஐரோப்பாவுக்கே பெரிய கோப்பையை ரெண்டு தடவை தலைக்கு மேல தூக்கினவன். நம்ம டீம்ல கோணலா ஓடுறவனை நீ சப்ஸ்டிட்யூட்டா வச்சிருக்கே. இருக்கட்டும், சொல்லிவச்சேன்.

1967-ல டெர்பி கவுண்டி. ரெண்டாம் டிவிஷன்ல தூங்கிக்கிட்டிருந்த டீம். இவன் போய் பதினொண்ணு ஆட்டக்காரனை வெளிய அனுப்பினான். செக்ரட்டரியையும் கிரவுண்டு பாக்குறவனையும் அனுப்பினான். தோத்த அன்னைக்குச் சிரிச்சானுவன்னு சாயா போடுற ரெண்டு பொம்பளையளையும் அனுப்பினான்னு ஒரு பேச்சு உண்டு. இவ்வளவும் செஞ்சு முதல் வருசம் எந்த இடம் தெரியுமா? முந்தின வருசம் 17, இவன் வந்து 18! மக்ளே, கொஞ்சம் சிரிச்சுக்கோ. உனக்கும் இப்படி ஒரு வருசம் வரும். அன்னைக்கு உன்னை வச்சிருப்பானுவளான்னு எனக்குத் தெரியாது. அவனை வச்சிருந்தானுவ.

ஆரை முதல்ல வாங்கினான்னு பாரு. கோலடிச்சவன் ஆச்சே, கோலடிக்கிறவனா வாங்கிக் குவிச்சிருப்பான்னு நினைப்பே. ஒருத்தன் ரெண்டு பேரை வாங்கினான், இல்லன்னு சொல்லல்லை. ஆனா டீமுக்கு நடுமுதுகு எங்கன்னு தேடி, ராய் மெக்ஃபார்லண்ட்னு ஒரு சென்டர் பேக் பயலுக்க வீட்டுக் கதவை ராத்திரி தட்டி, தூங்கினவனை எழுப்பி, பைஜாமாவோட உக்கார வச்சு கையெழுத்து வாங்கினானுவ. மறுவருசம் டேவ் மெக்கே. டோட்டன்ஹாம்ல ஆடி ஓய்ஞ்சவன், வயசு 33, ஊருக்குத் திரும்பி வேற வேலை பாப்போம்னு இருந்தவன். போய்க் கூட்டிக்கிட்டு வான்னு சொன்னது டெய்லர். போய்ப் பேசி மயக்குனது கிளஃப். கிழவனாச்சே, ஓட முடியாதேன்னு அவன் கேட்டதுக்கு, ஓட வேண்டாம், பின்னால நின்னு மத்தவனை ஓட்டுன்னானுவ. 1969-ல டெர்பி முதல் டிவிஷன்ல. அந்த வருசம் நாட்டுலேயே சிறந்த ஆட்டக்காரன்னு பத்திரிகைக்காரனுவ குடுக்குற பரிசுல பாதி மெக்கேக்கு. இதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்லுதேன். ஆறுக்கு ஆறு ஆட்டத்துல வாங்கின சூடு, இவன் டீம் கட்டும்போது பின்னால இருந்து கட்ட வச்சுது.

1972-ல டெர்பி நாட்டுக்கே சாம்பியன். அது வந்த விதம் இன்னும் வேடிக்கை. டெர்பிக்க ஆட்டமெல்லாம் முடிஞ்சு 58 பாயின்ட். லீட்ஸுக்கும் லிவர்பூலுக்கும் ஒவ்வொரு ஆட்டம் பாக்கி. லீட்ஸ் தோக்கணும், லிவர்பூல் ஜெயிக்கக் கூடாது, இல்லன்னா கோப்பை இல்லை. நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பானுவன்னு நினைக்கியா? டெய்லர் பயலுவளைக் கூட்டிக்கிட்டு மயோர்காவுக்கு வெயில் காயப் போயாச்சு. கிளஃப் குடும்பத்தோட சில்லித் தீவுல. லீட்ஸ் வுல்வ்ஸ்கிட்ட தோத்துது, லிவர்பூல் ஆர்சனல்கிட்ட சமன். கோப்பை தானா வந்து விழுந்துது.

இதுக்கு அப்புறம் வாய் பெருசாச்சு. டி.வி.க்காரன் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனான். யுவென்டஸ் டீம்கிட்ட தோத்ததும் இத்தாலிக்காரனுவளை ஏமாத்துக்காரனுவன்னான். லீட்ஸ் டீமை அழுக்கு ஆட்டம் ஆடுறவனுவன்னு வருசக்கணக்காத் திட்டினான். நாட்டுலேயே சிறந்த மேனேஜர் நான்னு சொல்லமாட்டேன், ஆனா முதல் ஒருத்தருக்குள்ள வருவேன்னு பொறவு ஒரு தடவை சொன்னான். ஆட்டக்காரன் எவனாவது எதிர்த்துப் பேசினா, இருவது நிமிசம் உக்காந்து பேசுவோம், கடைசியில நான் சொன்னதுதான் சரின்னு முடிவு பண்ணுவோம்னான். இதெல்லாம் உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும், முகத்துல தெரியுது. எழுதி வச்சுக்கோ. ஆனா எழுதுறப்ப பக்கத்துலயே அவன் ஜெயிச்ச கோப்பையையும் எழுதிக்கோ. அந்தப் பக்கம் வெறுமையா இருந்தா, இந்தப் பேச்சு வீட்டுல அம்மைக்கு முன்னால கூட எடுபடாது.

டெர்பி முதலாளி, டி.வி.யில பேசுறதை நிறுத்துன்னான். நான் போறேன்னு 1973 அக்டோபர்ல ராஜினாமா எழுதினான். வேண்டாம் இருன்னு காலைப் பிடிப்பானுவன்னு நினைச்சிருப்பான். சரி போன்னுட்டானுவ. ஊரே தெருவுல இறங்கிக் கத்திச்சு, ஆட்டக்காரனுவ கலகம் பண்ணினானுவ, ஒண்ணும் நடக்கல்லை. ராஜினாமாங்கறதை மிரட்டலுக்கு எடுக்காதே மக்ளே. எடுத்துக்கிட்டுப் போயிருவானுவ.

பொறவு ப்ரைட்டன்னு மூணாம் டிவிஷன் கிளப்புக்கு ரெண்டு பேரும் போனானுவ. அமெச்சூர் டீம் ஒண்ணுகிட்ட 4-0 உதை, அடுத்த ஆட்டத்துல பிரிஸ்டல் ரோவர்ஸ்கிட்ட சொந்த கிரவுண்டுலயே 8-2 உதை. டெய்லர் கூட இருந்தும்தான். கூட்டாளி இருந்தா எல்லாம் சரியாயிரும்னு நான் சொல்லவே இல்லை, கேட்டியா. ஆனா அவன் இல்லாம என்ன ஆச்சுன்னு இப்பச் சொல்லுதேன்.

1974-ல லீட்ஸ் கூப்பிட்டுது. ஆமா, அதே லீட்ஸ். இவன் டி.வி.யில கிழிச்ச லீட்ஸ். டான் ரெவி பதிமூணு வருசம் பிள்ளையளைப் போல வளத்த டீம், அந்த வருசத்து சாம்பியன். ரெவி இங்கிலாந்து டீமுக்குப் போயிட்டான். டெய்லர், நான் வரல்லன்னு ப்ரைட்டன்லயே இருந்துக்கிட்டான். கிளஃப் தனியாப் போனான். போய் பயலுவளைக் கூட்டி வச்சு, உங்க மெடலையெல்லாம் குப்பைத்தொட்டியில போடுங்க, ஒண்ணும் நேர்மையா ஜெயிச்சதில்லன்னான். எப்படி இருக்கும்? புது மருமவ வீட்டுக்குள்ள கால் வைக்கும்போதே மாமியாருக்க சட்டிபானையைத் தூக்கி எறிஞ்சா கூட அவ்வளவு ரகளை வராது. ஆறு லீக் ஆட்டம், ஒரே ஒரு வெற்றி. 44-வது நாள் வெளிய அனுப்பினானுவ, கை நிறைய பணமும் குடுத்து. அன்னைக்கு ராத்திரியே டி.வி.யில ரெவிக்குப் பக்கத்துல உக்காந்து சண்டை போட்டான், அது வேற.

நம்ம ஊருல கோச்சு ஆகணும்னு நினைக்கிறவன் எல்லாம் கிளஃப்கிட்ட இருந்து எடுக்கிறது இந்த 44 நாளைத்தான். மிரட்டு, கத்து, பழையதையெல்லாம் குப்பைன்னு சொல்லு. அவன் டெர்பியில இருந்த ஆறு வருசத்தை ஒருத்தனும் எடுக்க மாட்டான். அதுக்கு ராத்திரி கதவைத் தட்டணும், பஸ் ஓட்டணும், இன்னொருத்தன் பேச்சைக் கேக்கணும். சள்ளை.

1975 ஜனவரியில நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். ரெண்டாம் டிவிஷன்ல 13-வது இடத்துல கிடந்த டீம். ஒண்ணரை வருசம் தனியா உருட்டினான், பெருசா ஒண்ணும் நகரல்லை. 1976-ல டெய்லர் வந்து சேந்தான். 1977-ல மூணாவதா வந்து தொத்திக்கிட்டு முதல் டிவிஷன்ல ஏறினானுவ. 1978-ல நாட்டுக்கே சாம்பியன்! லிவர்பூலை விட ஏழு பாயின்ட் கூட. 1979-ல மியூனிக்ல மால்மோவை 1-0. 1980-ல மாட்ரிட்ல ஹாம்பர்க்கை 1-0. ஐரோப்பிய கோப்பை ரெண்டு. சொந்த நாட்டு லீக்கை ஒரு தடவைதான் ஜெயிச்சது, ஐரோப்பாவை ரெண்டு தடவை ஜெயிச்சது. அப்படி வேற டீமே கிடையாது.

அந்த ரெண்டு ஃபைனல் ஸ்கோரையும் இன்னொரு தடவை பாரு. ஒண்ணு, சைபர். ஒண்ணு, சைபர். 251 கோல் அடிச்சவன் கட்டின டீம் இது! 1977-78-ல 42 ஆட்டத்துல வாங்கினது 24 கோல்தான். அதுக்கு என்ன காரணம்? ஏறின வருசமே இரண்டரை லட்சம் பவுண்டு வாக்கில குடுத்து ஒரு ஆளை வாங்கினான். ஸ்ட்ரைக்கரை இல்லை. பீட்டர் ஷில்டன்னு கீப்பரை. கீப்பருக்கு இவ்வளவு பணமான்னு எல்லாரும் வாயில கைவச்சானுவ. அந்தப் பய வருசத்துக்கு எத்தனை பாயின்ட் மிச்சம் பிடிச்சுத் தருவான்னு இவனுக்குத்தான் தெரியும். சார்ல்டன்ல மூணு போட்டும் ஜெயிக்காம திரும்பினவன்லா.

கென்னி பர்ன்ஸ்னு ஒருத்தன். பர்மிங்ஹாம்ல ஸ்ட்ரைக்கரா ஆடிக்கிட்டிருந்தான், அடிதடிக்கும் நாய்ப் பந்தய சூதாட்டத்துக்கும் பேரெடுத்தவன். அவன் உண்மையிலேயே எவ்வளவு சூதாடுதான்னு பாக்க, டெய்லர் தொப்பியும் கண்ணாடியும் போட்டு மாறுவேசத்துல நாய்ப் பந்தயத்துக்கே பின்னால போனான். பரவாயில்லன்னு வந்து சொன்னான். வாங்கி, பின்வரிசையில நிக்க வச்சானுவ. 1978-ல பத்திரிகைக்காரனுவளுக்க சிறந்த ஆட்டக்காரன் விருது அவனுக்கு. ஸ்ட்ரைக்கரை பேக் ஆக்கினான், பாத்துக்கோ. உன்னை ஒருநாள் பேக்ல ஆடுன்னு சொன்னதுக்கு நீ பூட்ஸைக் கழத்தி எறிஞ்சதும் எனக்கு ஞாபகம் வருது.

ஜான் ராபர்ட்சன் இன்னொருத்தன். குண்டு. கையில எப்பவும் சிகரெட். சட்டை கசங்கி, தாடி மழிக்காம வருவான். இவனை மாதிரி அழகில்லாத விங்கரைப் பாத்ததில்லன்னு கிளஃப் வாய் கூசாம சொல்லுவான். ஆனா பந்தும் ஒரு கஜம் புல்லும் குடுத்தா அவன் ஓவியன்னும் அதே வாயாலதான் சொல்லுவான். மியூனிக்ல ட்ரெவர் ஃபிரான்சிஸ் தலையால முட்டின கோலுக்கு பந்து போட்டது ராபர்ட்சன். மாட்ரிட்ல கோலடிச்சதே ராபர்ட்சன். அந்த ஃபிரான்சிஸ் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கின முதல் பிரிட்டிஷ் ஆட்டக்காரன். அவனைப் பத்திரிகைக்காரனுவளுக்குக் காட்டுற அன்னைக்கு கிளஃப் ஸ்குவாஷ் ஆடப் போற டிரவுசரோட வந்து நின்னான், எனக்கு ஆட்டத்துக்கு நேரமாச்சுன்னு. முதல்ல மூணாம் டீம்ல ஆட விட்டான். பத்து லட்சம் பெறுற காலா இருந்தாலும் வரிசையில நிக்கணும். 

பயிற்சின்னு பெருசா ஒண்ணும் இல்லன்னு அங்க ஆடினவனுவ எல்லாம் சொல்லுவானுவ. கொஞ்சம் ஓடு, பந்தைத் தரையில வை, சொந்த சட்டைக்காரனுக்குக் குடு. மேகத்துல பந்தாடணும்னா ஆண்டவன் அங்க புல்லு முளைக்க வச்சிருப்பான்னு சொன்னவன் அவன். இன்னொண்ணு, ரெஃபரிகிட்ட வாயாடினா தொலைஞ்சே. வெளிய அவ்வளவு வாய் பேசுறவன் டீம், கிரவுண்டுக்குள்ள ரெஃபரி ஊதினா ஊமையா நிக்கும். 1979 லீக் கப் ஃபைனலுக்கு முந்தின ராத்திரி ஹோட்டல்ல பயலுவ படுக்கப் போறோம்னா விடல்லை. ஷாம்பெயின் வந்துது, ஆருக்கும் சீக்கிரம் தூக்கம் கிடையாதுன்னுட்டான். மறுநாள் பாதி ஆட்டம் வரைக்கும் தலை சுத்திக்கிட்டு ஆடி, பொறவு சௌதாம்ப்டனை 3-2-ன்னு ஜெயிச்சானுவ. இதை நீ எடுத்துக்கிடாதே. உனக்க அப்பன் என்னைத்தான் கேப்பான்.

தண்ணி அவனை விடல்லை, அதையும் சொல்லிருதேன். கடைசி வருசங்கள்ல மூஞ்சியே மாறிப்போச்சு. 2003-ல ஈரல் மாத்தி வச்சானுவ, 2004-ல செத்தான். ஜஸ்டின் ஃபஷானுன்னு பத்து லட்சம் பவுண்டு குடுத்து வாங்கின கறுப்புப் பயல். அவன் ஆம்பளையளை விரும்புறவன்னு காதுல விழுந்ததும், எல்லாரு முன்னாலயும் கேவலமாப் பேசி, பயிற்சிக்கு வராதேன்னு சொல்லி, போலீஸை வச்சு வெளிய அனுப்பினான். அந்தப் பய 1998-ல உயிரை மாச்சுக்கிட்டான். கிளஃப் பின்னால வருந்தினான், வருந்தி என்ன. இது சிரிச்சுக்கிட்டு சொல்லுற சங்கதி இல்லை. வாய் நீளமா இருக்கிறவனுக்கு கை நீளமும் வந்திருது. உனக்குக் கீழே பொடிப்பயலுவளை விடப் போறானுவங்கறதுனாலதான் இதைச் சொன்னேன்.

டெய்லர் என்ன ஆனான்னு கேக்கல்லியே நீ? 1980-ல அவங்க ரெண்டு பேரைப் பத்தி ஒரு புத்தகம் போட்டான், கூட்டாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. அதுல முதல் விரிசல். 1982-ல ஓய்வுன்னு போனவன், கொஞ்ச மாசத்துல டெர்பிக்கு மேனேஜராப் போயிட்டான். மறுவருசம் கிளஃப் ஒரு தர்ம காரியத்துக்காக நடைபயணம் போயிருந்த நேரம் பாத்து, ராபர்ட்சனை டெர்பிக்குத் தூக்கிட்டான். அதோட பேச்சு நின்னுது. ஏழு வருசம்! டெர்பிக்கும் நாட்டிங்ஹாமுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் தெரியுமா? நாம நாகர்கோயில் போயிட்டு வாற தூரம்தான். இன்னைக்கு அந்த ரோட்டுக்கே கிளஃப் பேருதான் வச்சிருக்கானுவ. ஒருத்தனும் ஒருத்தனைப் பாக்கப் போகல்லை. 1990-ல டெய்லர் மயோர்காவுல செத்தான். கிளஃப் சவ அடக்கத்துக்குப் போய் நின்னான். 1994-ல தன் சுயசரிதையை டெய்லருக்குக் காணிக்கை ஆக்கினான். செத்தவனுக்கு இங்கிலீசு வாசிக்க முடியுமா என்ன?

டெய்லர் போனதுக்கு அப்புறம் கிளஃப் பதினொரு வருசம் ஃபாரஸ்ட்ல இருந்தான். லீக் கப் ரெண்டு ஜெயிச்சான், 1989-லயும் 1990-லயும். சின்னக் காரியம் இல்லை. நாட்டு சாம்பியனோ ஐரோப்பாவோ மறுபடி வரல்லை. 1993-ல டீம் கடைசி இடத்துல கீழே இறங்கிச்சு, அவனும் இறங்கினான்.

அதனால என்ன செய்யுதே, விசிலைக் கழத்தி பையில போடு. லைசென்ஸ் கோர்சுக்குப் போறதுக்கு முன்னால நம்ம கீப்பர் பயலுக்க வீட்டுக்குப் போ. தனியாப் போ, அந்த நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போகாதே. பயிற்சிக்கு நீயும் வாடான்னு கூப்பிடு. ஆட்டக்காரனுக்க காலைப் பாத்து எடை போடுறதுல அவனுக்கு உன்னை விடக் கண்ணு உண்டு. கோல் போஸ்ட்டுக்குக் கீழே நின்னவனுக்கு கிரவுண்டு முழுக்கத் தெரியும். உனக்கு உனக்க பூட்ஸு மட்டும்தான் தெரிஞ்சுது. மன்னிப்புன்னு வாயால சொல்ல உனக்கு வராது, தெரியும். நம்ம டீம் கோணக்கால் பயலை முதல் லெவன்ல போடலாமான்னு யோசனை கேளு, அவனுக்குப் புரியும்.

என்ன சிரிக்கே? ஆமா, அந்தக் கீப்பர் பய எனக்க மவ வயித்துப் பேரன்தான். அதுக்கும் நான் சொன்னதுக்கும் என்ன சம்பந்தம்? கிளஃப் 274 ஆட்டம் ஆடினது எனக்க பேரனுக்காகவா? ஃபைனல்ல அவன் ரெண்டு கோல் விட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிதியே, அன்னைக்கு நீ கடலுக்குள்ள அடிச்ச பெனால்டியை எவனாவது எண்ணினானா?